ஐம்பத்தோராவது வண்டி

கொஞ்ச நாளாக இரண்டு பேரை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் எரிக் வான் ஹிப்பெல், அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர். இன்னொருவர் அனில் குப்தா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்தவர். இருவரும் ஒரே கேள்வியைத்தான் இரண்டு பக்கத்தில் நின்று கேட்கிறார்கள். தனக்கு வேண்டும் என்று ஒருத்தர் ஒரு வண்டியைச் செய்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் காட்டுகிறார், அளவும் சொல்கிறார். பிறகு வேறொருத்தர் அதையே செய்து காசுக்கு விற்கிறார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

வான் ஹிப்பெலின் பதில் சுருக்கமானது: பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. 2005-ல் வந்த அவருடைய 'டெமாக்ரடைசிங் இன்னொவேஷன்' புத்தகத்தின் மையமே அதுதான். புதிய பொருள்களில் பலவற்றை முதலில் செய்கிறவர்கள் கம்பெனிக்காரர்கள் இல்லை, அதைப் பயன்படுத்துகிறவர்கள். அவர்கள் செய்ததை மறைப்பதில்லை. மறைத்து வைப்பதற்கு ஆகும் செலவு அதனால் வரும் லாபத்தைவிட அதிகம். திறந்து காட்டினால் பேர் கிடைக்கிறது, அடுத்தவன் அதைத் திருத்திக் கொடுக்கிறான், கம்பெனி செய்து விற்றால் நமக்கே மலிவாகக் கிடைக்கிறது. இப்படிப் போகிறது வாதம். அவர் சொன்னதைச் செய்தும் காட்டினார். அந்தப் புத்தகத்தை யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம் என்று விட்டுவிட்டார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று மலை சைக்கிள். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களுக்குத் தடித்த டயரும் மோட்டார் சைக்கிள் பிரேக் லிவரும் மாட்டி மலையிலிருந்து இறங்கி விளையாடினார்கள். ஜோ ப்ரீஸ் 1977-ல் அதற்கென்றே ஒரு சட்டம் கட்டினார். டாம் ரிச்சி சட்டம் கட்டிக் கொடுக்க, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பேரில் விற்க ஆரம்பித்தார்கள். ரிச்சியின் சைக்கிள்களில் சிலவற்றை ஸ்பெஷலைஸ்டு கம்பெனி வாங்கிப் பார்த்தது. 1981-ல் ஜப்பானில் செய்த ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அந்தப் பேரையாவது தங்களுக்கென்று வைத்துக்கொள்ள ஃபிஷர் தரப்பு முயன்றது, அதுவும் நடக்கவில்லை. இன்றைக்கு மவுண்டன் பைக் என்பது வெறும் பொதுச்சொல்.

இதில் யாரும் நடுத்தெருவுக்கு வரவில்லை என்பது உண்மைதான். ப்ரீஸ், ரிச்சி, ஃபிஷர் மூன்று பேருக்கும் பின்னாளில் அவரவர் பேரிலேயே சைக்கிள்கள் வந்தன. 1993-ல் ட்ரெக் கம்பெனி ஃபிஷரின் நிறுவனத்தை வாங்கியது. காப்பியடித்தவன் சந்தையைப் பெரிதாக்கினான், பெரிதான சந்தையில் முதலில் செய்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. வான் ஹிப்பெலின் கோட்பாடு இந்தக் கதைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

ஆனால் அதே கலிபோர்னியாவில், அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே, பொருந்தாத கதை ஒன்று இருக்கிறது. புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபைபர் கிளாஸில் படகு செய்து பழகியவர். 1964-ல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை எடுத்து, ஃபைபர் உடல் ஒன்றை அச்சில் வார்த்து, கடற்கரை மணலில் ஓட்ட ஒரு குட்டி வண்டி செய்தார். மேயர்ஸ் மேங்ஸ் என்று பேர். 1967-ல் அதே வண்டியில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தைக் கீழிருந்து மேல்வரை முப்பத்தைந்து மணி நேரத்துக்குள் கடந்தார்கள். அதோடு வண்டி உலகப் புகழ். அப்புறம் என்ன, ஃபைபர் கிளாஸ்தானே? ஒரு வண்டியை வாங்கி அதன் மேலேயே அச்சு எடுத்து, ஆளாளுக்கு வார்க்க ஆரம்பித்தார்கள். மேயர்ஸ் காப்புரிமை வைத்திருந்தார், வழக்கும் போட்டார். அது காப்புரிமைக்கு உரியதல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் செய்து விற்றவை சில ஆயிரம். உலகம் முழுக்க ஓடிய நகல்களைப் பல மடங்காகச் சொல்கிறார்கள், லட்சக்கணக்கில் என்று. 1970-களின் தொடக்கத்தில் கம்பெனி மூடப்பட்டது. 2014-ல் அந்த முதல் சிவப்பு வண்டியை அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்துக் கௌரவித்தார்கள். மனுஷன் 2021-ல் தொண்ணூற்று நான்கு வயதில் இறந்தார்.

இரண்டு கதைக்கும் என்ன வித்தியாசம்? சைக்கிளில் அடுத்த வருடம் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. கியர், பிரேக், சஸ்பென்ஷன் என்று வருடா வருடம் புதுசு. முன்னால் போனவன் முன்னாலேயே இருக்கலாம். மேங்ஸில் எல்லாமே அந்த ஒரு உடல் வடிவத்தில் இருந்தது. அதை எடுத்தால் எல்லாவற்றையும் எடுத்த மாதிரி. 'திறந்து காட்டுவது லாபமா' என்று பொதுவாகக் கேட்கிற கேள்விக்கே அர்த்தம் இல்லை என்பது என் எண்ணம். திறந்து காட்டிய பிறகு கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, நம்ம பக்கம் வருவோம். குப்தாவும் அவருடைய 'ஹனி பீ' வலையமைப்பும் தூக்கிப்பிடிக்கிற பேர்களில் முக்கியமானது மன்சுக்பாய் ஜகானி. குஜராத்தில் அம்ரேலி மாவட்டம், மோட்டா தேவலியா கிராமம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், சூரத்தில் வைரம் தீட்டப் போய்த் திரும்பி வந்து பட்டறை போட்டவர். 1990-களில் சௌராஷ்டிராவில் வறட்சி. மாடு வைத்துக் கட்டுப்படியாகவில்லை, கூலியாளும் கிடைக்கவில்லை, டிராக்டர் வாங்கச் சின்ன விவசாயிக்கு வசதி இல்லை. ஜகானி ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டு சக்கரம் உள்ள ஓர் அச்சையும் கலப்பை மாட்டும் சட்டத்தையும் பொருத்தினார். உழலாம், விதைக்கலாம், களை எடுக்கலாம், மருந்தும் அடிக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டுப் பழையபடி சக்கரத்தை மாட்டினால் மோட்டார் சைக்கிள். பேர் 'புல்லட் சாந்தி'. (நம்ம ஊர் சாந்தி இல்லை. அது குஜராத்தியில் மாடு பூட்டும் ஏர்க் கருவியின் பேர்.) இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது.

 சுற்று வட்டாரத்துப் பட்டறைகள் எல்லாம் செய்தன. இன்று சௌராஷ்டிராவில் 'சனேடோ' என்று ஒரு மூன்று சக்கரக் குட்டி டிராக்டர் ஓடுகிறது. புல்லட் சாந்தி போட்டுக்கொடுத்த தடத்தில் வளர்ந்த வண்டி. அதைச் செய்து விற்கும் பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

குப்தா இதற்கு ஒரு கோட்பாடு வைத்திருக்கிறார், 'தொழில்நுட்பப் பொதுநிலம்' என்று சொல்லலாம். ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. மனிதருக்கு மனிதர் பார்த்துச் செய்துகொள்ளட்டும், திருத்தட்டும், அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் ஒரு நிறுவனம் எடுத்து விற்பதாக இருந்தால் உரிமம் வாங்கட்டும், கண்டுபிடித்தவருக்குப் பங்கு கொடுக்கட்டும். 2000-ல் தொடங்கிய தேசியப் புத்தாக்க நிறுவனம் இதற்காக ஒரு நிதியும் வைத்தது. கண்டுபிடித்தவருக்கு ஒரு தொகையைக் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு, சின்னப் பட்டறைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ திறந்துவிடுவது அதன் வேலை. யோசித்துப் பார்த்தால் இது வான் ஹிப்பெலை விட ஒரு படி மேல். வான் ஹிப்பெலின் ஆள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கட்டுகிறவர். குப்தாவின் ஆளுக்குப் பட்டறைதான் அடுப்பு எரிவது. அந்த வித்தியாசத்தை முதலில் பார்த்தவர் குப்தா. தேனீ பூவிலிருந்து எடுக்கும், பூவுக்கு நஷ்டம் வராது, சொன்னவர் பேரையும் ஊரையும் போட வேண்டும், அவர் மொழியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வலையமைப்பின் விதி. தமிழில் மதுரை சேவா அமைப்பின் 'நம் வழி வேளாண்மை' அப்படி வந்ததுதான். பேர் போட்டு எழுதுவது சின்ன விஷயம் இல்லை. நாட்டில் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரையில் 'ஒரு விவசாயி கூறினார்' என்று முடித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இடிக்கிற இடம் அந்த நடுக்கோடு. ஒரு பக்கம் மனிதர், இன்னொரு பக்கம் நிறுவனம். நடுவில் இருப்பவரை எங்கே வைப்பது?

தா.பழூர் பக்கம் வந்து பார்த்தால் நடுவில் இருப்பவர்கள்தான் எல்லாரும். கொள்ளிடக் கரையில் நெல், வடக்கே மேடேற ஏற முந்திரி, கடலை, பருத்தி, மக்காச்சோளம். வரிசைப் பயிர் வந்தால் களை எடுக்க வண்டி வேண்டும். ஜெயங்கொண்டம் ரோட்டிலும் மதனத்தூர் பாலம் தாண்டிக் கும்பகோணம் போகிற வழியிலும் வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. டயர் வண்டிக்கு அச்சு, டிராக்டருக்கு டிரெய்லர், எக்ஸ்எல்லுக்குப் பின்னால் கேரியர், குட்டி யானை மேல் கரும்பு ஜூஸ் மெஷின். இவற்றுக்கு யாரும் வரைபடம் போட்டதில்லை. 'அவன் வண்டில இருக்கிற மாதிரி, ஆனா அரை அடி கூட' என்பதுதான் இங்கே டிசைன் மொழி. டயர் மாட்டு வண்டியை முதலில் இப்படிக் கட்டியவர் யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். எல்லாரும் எல்லாரையும் பார்த்துத்தான் செய்கிறார்கள், எல்லாரும் காசுக்குத்தான் செய்கிறார்கள். இதில் யார் 'மனிதர்', யார் 'நிறுவனம்'? வருடத்துக்குப் பத்து செய்தால் பொதுநிலம், ஐந்நூறு செய்தால் உரிமமா? ஜகானியின் சுற்றுவட்டாரத்திலும் இதே நிலைமைதான் இருந்திருக்கும். கோடு போடுகிற வேலையைக் குப்தா கடைசிவரை செய்யவில்லை.

பழைய எக்ஸ்எல் எஞ்சினை வைத்து வரிசைப் பயிருக்குக் களை வண்டி கட்டித் தரும் ஒரு பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டேன். அவர் வண்டியை யாரோ வந்து போன் கேமராவிலும் டேப்பிலும் அளந்துகொண்டு போய், வேறு மாவட்டத்தில் பெயின்ட் அடித்து இவர் விலையைவிடக் கூடுதலாக விற்கிறார்கள்.

"கோவம் வரலையாண்ணே?"

"அளவெடுத்தது தப்பில்ல தம்பி. நானும் ஒண்ணப் பாத்துத்தானே செஞ்சேன். ஆனா செயினுக்கு மூடி போடாம விக்கிறான். அந்த மூடிக்குத்தான் எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, மண்ணு அடைச்சுக்கும். நாளைக்கு எவன் வேட்டியாவது மாட்டி காலு போச்சுன்னா, இது பழூரான் வண்டின்னுதான் சொல்லுவான்."

வான் ஹிப்பெலிடமும் குப்தாவிடமும் இதற்கு இடமே இல்லை. இருவருடைய கணக்கிலும் ஓடுவது லாபமும் பேரும்தான். பேர் என்றால் புகழ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பட்டறையில் பேர் என்றால் பொறுப்பு. நகலெடுக்கிறவன் வடிவத்தை எடுத்துக்கொண்டு போகிறான், ஏன் அப்படி என்பதை விட்டுவிட்டுப் போகிறான். எங்கே உடைந்தது, எங்கே மண் அடைத்தது, எந்த இடத்தில் கூடுதல் பட்டை வைக்க வேண்டும் என்பதெல்லாம் போட்டோவில் வராது. திறந்து பகிர்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் வரைபடத்தைப் பகிர்வதைப் பற்றியே பேசுகிறார்கள். தோற்றுப்போனதைப் பகிர்வது பற்றி யார் பேசுகிறார்கள்?

இதை ஓரளவு சரியாகச் செய்த ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். ஸ்வீடன்காரர் பெஞ்சமின் வெட்டர். மின்சார ஸ்கேட்போர்டு செய்யும் ஆசையில், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்சுற்றுப் பலகையை வடிவமைத்து, சுற்றுப்படம், மென்பொருள் எல்லாவற்றையும் வெளியிட்டார். 'வெஸ்க்' என்று பேர். வீட்டில் மின்சார சைக்கிள், ஸ்கேட்போர்டு கட்டுகிறவர்களில் ஏராளம் பேர் அதைத்தான் போடுகிறார்கள், சீனக் கம்பெனிகள் குவியல் குவியலாகச் செய்து விற்கின்றன. வெட்டர் மூன்றை மூன்று விதமாக வைத்தார். வன்பொருள் வரைபடம், யாரும் செய்யலாம், திருத்தினால் திருத்தியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். மென்பொருள் ஜி.பி.எல்., அதுவும் அப்படியே. ஆனால் 'வெஸ்க்' என்ற பேர் மட்டும் வணிகச் சின்னமாகப் பதிவு. செய்துகொள், விற்றுக்கொள், என் பேரைச் சொல்லி விற்காதே. பழூர்ப் பட்டறைக்காரர் கேட்பதும் இதைத்தான். வடிவம் ஊருக்கு, பேர் எனக்கு.

ஆனால் வெட்டருக்கு வாய்த்தது நம்ம பட்டறைக்கு அப்படியே வாய்க்காது. மென்பொருள் எழுத்து, அதற்குப் பதிப்புரிமை உண்டு. வண்டி இரும்பு. வரைபடத்தின் மேல் 'வணிகத்துக்கு அல்ல' என்று ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் போட்டுவிட்டால் ஆச்சு என்று நம்மூர்க் கல்லூரிப் பையன்கள் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் வரைபடத்தை நகலெடுப்பதைத்தான் கட்டுப்படுத்தும், அதைப் பார்த்து வண்டி கட்டுவதை அல்ல.

இந்தியச் சட்டத்தில் இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தக்க ஒரு வடிவத்தை நீங்கள் பதிவு செய்யாமல் விட்டால், அதைப் போட்ட பொருளைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்தவுடன் அதன் பதிப்புரிமை தீர்ந்துபோகும். பதிப்புரிமைச் சட்டம் 15(2). நீங்களே செய்தாலும் கணக்கு, உங்கள் அனுமதியோடு அடுத்தவர் செய்தாலும் கணக்கு. நன்றாகக் கவனியுங்கள். திருட்டுத்தனமாகச் செய்தது கணக்கில் வராது, நீங்கள் நல்ல மனசோடு 'செஞ்சுக்கோங்க' என்று அனுமதித்தது கணக்கில் வரும்! தாராளமாகக் கொடுத்தவனுக்கு ஐம்பத்தோராவது வண்டியோடு உரிமை முடிகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிரயோகேஸ் – ஐநாக்ஸ் வழக்கில் இந்தப் பிரிவுக்குத்தான் விளக்கம் சொன்னது. அதுவும் டிரெய்லர் விவகாரம்தான், எல்.என்.ஜி. தொட்டி ஏற்றும் டிரெய்லரின் பொறியியல் வரைபடங்கள். ஆனால் வழக்காடியவர்கள் கம்பெனிகள். டயர் வண்டிக்காரர் அந்த வாசல்வரை போகப்போவதில்லை.

காப்புரிமை? விண்ணப்பம் போடும் முன்னால் ஊருக்குக் காட்டிவிட்டால், சில விதிவிலக்குகள் போக, புதுமை போச்சு. சீனாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிற மாதிரி சின்னச் சின்ன மாற்றங்களுக்கு என்று குறைந்த காலக் காப்புரிமை இந்தியாவில் கிடையாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய வாசற்படி வேறு இடத்தில் இருக்கிறது, குப்தா மேல் என் முக்கியமான குறையும் அங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் அதை அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. வடக்கே ஓடிய 'ஜுகாட்' வண்டிகளும் மோட்டார் வாகனம்தான், சட்டத்துக்கு உட்பட்டே ஓட வேண்டும் என்று 2013-லேயே தீர்ப்பு. சென்னையில் மீன்பாடி வண்டியைப் போலீஸ் பிடிப்பதும் விடுவதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. இந்தச் சட்டங்களைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். செயினுக்கு மூடி இல்லாத வண்டி ரோட்டில் வருவதை யார் விரும்புவார்? ஆனால் விளைவைப் பாருங்கள். மாதிரியைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கப் பணம் உள்ளவன் மட்டும்தான் சட்டப்படி விற்க முடியும். மற்றவன் செய்தது 'மாற்றிய வண்டி'.

மின்சார ரிக்‌ஷா இதற்குச் சாட்சி. மகாராஷ்டிராவில் பல்டணில் இருக்கும் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அனில் ராஜ்வன்ஷி குழுவினர் மோட்டார் வைத்த ரிக்‌ஷாக்களைச் செய்து, 2002-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் விவரமாக எழுதினார்கள். 2010-க்குப் பிறகு டெல்லித் தெருக்கள் பேட்டரி ரிக்‌ஷாவால் நிரம்பின, பெரும்பாலும் இறக்குமதிப் பாகங்களைக் கோத்துக் கட்டியவை. 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதே வருடம் விதி வந்தது, 2015-ல் சட்டமே திருத்தப்பட்டது. அதாவது அரசு மனசு வைத்தால் வாசற்படியை மாற்ற முடிகிறது, ஆனால் லட்சம் வண்டி ஓடிய பிறகு. ராஜ்வன்ஷிக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மேயர்ஸுக்குப் பதிவேடு மாதிரி.

குப்தாவின் பொதுநிலத்தில் வடிவம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, சோதனை இல்லை. ஜகானிக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையைத் திறந்துவிடுவதோடு, அந்த வண்டியின் ஒரு பாதுகாப்பான வடிவத்தைப் பொதுச் செலவில் சோதித்து ஒப்புதல் வாங்கி வைத்தால், அதன்படி செய்கிற எந்தச் சின்னப் பட்டறையும் சட்டப்படி விற்கலாம். கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பண்ணை இயந்திரங்களைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. ஒரு களை வண்டியை அங்கே அனுப்ப ஆகும் செலவை தா.பழூர் வட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் எல்லாரும் சேர்ந்து போடலாம். சேர்வார்களா என்று அந்த அண்ணனிடம் கேட்டேன். "செயின் மூடி என்னோடதுன்னு எழுதுவாங்களா?" என்று கேட்டுவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.